ஒரு கறுப்பு, ஒரு சிவப்பு

14 ஜனவரி 2004, புதன்

இன்று மட்டும் ஒன்பது ஸ்கீத் திருட்டுகள், அதாவது பனிச்சறுக்குப் பலகைகள். ஜனவரி பிறந்தால் எங்கள் பயணக் காப்புறுதி அலுவலகத்தில் இதுதான் வேலை. எல்லாக் கிளெய்மும் ஒரே கதை: மலையில் ஒரு கஃபே, வாசலில் ஸ்கீக்களைச் சாய்த்து வைத்தேன், சூப் குடித்துவிட்டு வந்தேன், காணவில்லை. மறுப்புக் கடிதத்தில் இரண்டாவது கையெழுத்து என்னுடையது. "கவனிப்பின்றி விடப்பட்ட பொருள்." அந்த வாசகத்தை எழுதியவளே நான்தான்.

சனிக்கிழமை என் கணவர் லோகன் பிரான்ஸ் போகிறார், ஸ்கீ செய்ய. பழைய கல்லூரிக் கூட்டம், ஆறு பேர். ஷாமளாவும் உண்டு. நான் போகவில்லை. இல்ஃபோர்ட் ஸ்டேஷன் படியில் உறைபனியில் விழுந்த முழங்காலை வைத்துக்கொண்டு மலையில் என்ன செய்வது? "நீங்க போங்க" என்று நான்தான் சொன்னேன்.

சாப்பிடும்போது அவருக்கு அலுவலகப் பாடம் நடத்தினேன். ஸ்கீயை ஜோடியாக விடக் கூடாது. கூட வருகிறவரோடு ஒற்றை ஒற்றையாக மாற்றிக்கொள்ள வேண்டும். உங்களுடையது ஒன்று, அவருடையது ஒன்று வாசலின் இந்தப் பக்கம். மீதி இரண்டும் அந்தக் கோடியில். திருடனுக்கு வேண்டியது ஜோடி. பொருந்தாத ஒற்றையைத் தூக்கிக்கொண்டு மற்றதைத் தேட அவனுக்குப் பொறுமை இல்லை. லோகன் ரசித்துக் கேட்டார். நானும் பெருமையாகச் சொன்னேன்.

25 ஜனவரி 2004, ஞாயிறு

நல்லபடியாக வந்துவிட்டார். பனி வெயிலில் மூக்கு மட்டும் கறுத்திருக்கிறது. புகைப்படங்களைக் கணினியில் போட்டுக் காட்டினார்.

ஒரு படம். கஃபேயின் மரச் சட்டத்தில் சாய்ந்து நிற்கும் இரண்டு பலகைகள். ஒன்று கறுப்பு, லோகனுடையது. ஒன்று சிவப்பு.

சிவப்பு யாருடையது என்று கேட்டேன்.

"ஷாமளாவோடது. நீ சொன்னபடிதான் செஞ்சோம். மத்தவங்கல்லாம் வேகமா போயிட்டாங்க, நாங்க ரெண்டு பேருந்தான் மெதுவா."

தெரிந்த விஷயம்தான். யாரோடாவது மாற்றித்தானே ஆக வேண்டும். பிறகு ஏன் அந்தப் படத்தை மூன்று முறை பார்த்தேன்?

26 ஜனவரி 2004, திங்கள்

ரயிலில் யோசித்துக்கொண்டே போனேன். கலந்து வைத்தால் ஒருவர் மட்டும் கிளம்ப முடியாது. சேர்ந்து நிறுத்தி, சேர்ந்து சாப்பிட்டு, சேர்ந்து எடுக்க வேண்டும். ஆறு நாள். இந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தது யார்? நான்.

8 பிப்ரவரி 2004, ஞாயிறு

ஷாமளா வந்திருந்தாள். "லோகு, வாடா, அந்தச் செவப்புக் கம்பு நட்ட சரிவுல நீ உருண்டத மங்கைக்குச் சொன்னியா?" என்கிறாள். இருபத்திரண்டு வருடமாக அவள் அவரை வாடா போடா என்றுதான் அழைக்கிறாள். ஒரே வகுப்பு. அவரை எனக்கு அறிமுகம் செய்ததே அவள்தான். இத்தனை வருடம் காதில் விழாதது இன்று விழுந்தது. நான் கட்டிய மனிதரை நான் "நீங்க" என்கிறேன்.

லோகன் உருண்ட கதையைச் சொன்னார். இருவரும் ஒருவர் வாக்கியத்தை மற்றவர் முடித்தார்கள். நான் முறுக்குத் தட்டை நகர்த்தி நகர்த்தி வைத்தேன்.

9 பிப்ரவரி 2004

ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

21 நவம்பர் 2004, ஞாயிறு

அடுத்த பயணத்துக்குப் பதிவு செய்துவிட்டார்கள். ஷாமளா போனில் என்னையும் கூப்பிட்டாள். "ஸ்கீ வேணாம்லா. நெருப்புப் பக்கத்துல உக்காந்து படி. சாயங்காலம் நாங்க வந்துருவோம்."

நாங்க.

முழங்கால் என்றேன். முழங்காலால் உட்கார முடியாதா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? மலையிலிருந்து நீங்கள் இருவரும் சேர்ந்து இறங்கி வருவதை ஜன்னல் வழியாகப் பார்க்க என்னால் முடியாது என்றா?

18 ஜனவரி 2005, செவ்வாய்

கிரீன் ஸ்ட்ரீட்டில் மீன் வாங்கப் போன இடத்தில், பக்கத்துக் கடையில் சைக்கிள் பூட்டு ஒன்று பார்த்தேன். கம்பி நீளமானது. வாங்கி வந்து லோகனிடம் கொடுத்தேன், இனி யாரோடும் மாற்ற வேண்டாம், தனியாகப் பூட்டிக்கொள்ளலாம் என்று. அவர் கையில் எடுத்துப் பார்த்தார். அந்தக் கம்பியைச் சின்னக் கம்பிவெட்டியால் இரண்டு நொடியில் அறுப்பார்கள் என்று போன வருடம் நானே சொன்னதாக நினைவுபடுத்தினார். சொல்லியிருக்கிறேன்.

பூட்டு அலமாரியில் கிடக்கிறது.

26 ஜனவரி 2005, புதன்

எழுதக் கை கூசுகிறது. எழுதிவிடுகிறேன்.

மதியம் அவருக்கு மூன்று தடவை போன் செய்தேன். முதல் இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாவதில் எடுத்தார். பின்னால் தட்டுச் சத்தம், ஷாமளாவின் சிரிப்பு. கூட வேறு யார் என்றேன். மற்றவர்கள் மேலே போய்விட்டார்களாம்.

"அப்ப நீங்க கிளம்புங்க."

"ஸ்கீய கலந்து வெச்சிருக்கோம் மங்கை. அவ சாப்பிட்டு முடிக்கல."

"பிரிச்சு எடுத்துட்டுப் போங்க. உங்க ரெண்டையும் எடுத்துக்குங்க, அவளோடத ஒண்ணா வெச்சிடுங்க. உங்களுக்கு நான் முக்கியம்னா இப்பவே கீழ போங்க."

அலுவலகக் கழிப்பறையில் நின்றுகொண்டு இதைச் சொன்னேன். நாற்பத்து நான்கு வயது. பட்டம் வாங்கியவள். எட்டுப் பேருக்கு மேற்பார்வையாளர்.

அவர் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு சரி என்றார்.

சரி என்றதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுத வேண்டும்.

29 ஜனவரி 2005, சனி

வந்துவிட்டார். கோட்டைக் கழற்றும்போதே சொன்னார்: "ஷாமளாவோட ஸ்கீ காணாமப் போச்சு." அவ்வளவுதான். எந்த நாள், எப்படி என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. குளிக்கப் போய்விட்டார்.

அடுப்படியில் நின்றேன். முதலில் வந்தது வருத்தம் இல்லை. இனி அவளிடம் சிவப்புப் பலகை கிடையாது என்பதுதான் முதலில் வந்தது. என்ன பெண் நான்?

11 பிப்ரவரி 2005, வெள்ளி

றூபினி என் பக்கத்து மேசை. மன்னார்ப் பெண், முப்பது வயது, வாய் ஓயாது. கிளெய்ம் படிவங்களில் வேடிக்கையானதை வாசித்துக் காட்டுவது அவள் வழக்கம். இன்று தேநீர் நேரத்தில் ஒரு படிவத்தோடு திரும்பினாள்.

"அக்கா, இதைக் கேளுங்கோ. இந்த மனுசி எப்பவும் ஒரு சிநேகிதரோட ஸ்கீயை மாத்தி வைக்கிறவவாம். அண்டைக்கு அவற்ர வைஃப் போன் பண்ணி, ரெண்டையும் பிரிச்சுப் போடு எண்டு சண்டையாம். அந்தாள் பிரிச்சுப் போட்டுப் போக, இவவின்ர சோடி களவு போயிட்டுது. எந்தக் கட்டத்தில நான் டிக் போடுறது? தீ, வெள்ளம், பொஞ்சாதியோ?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"ரெண்டு பலகை பக்கத்தில நிண்டா பிள்ளையே பிறக்கப் போகுது?" என்றாள் றூபினி.

நானும் சிரித்தேன். உண்மையாகவே சிரித்தேன். என் வாய் தானாகச் செய்தது.

ஷாமளாவுக்கு ஊழியர் சலுகையில் அந்தக் காப்புறுதியை எடுத்துக் கொடுத்தவள் நான்.

பிறகு, எல்லோரும் போனபின், படிவத்தைப் பார்த்தேன். பார்க்கக் கூடாது. அவளுடைய சாய்ந்த கையெழுத்து. கடைசியில் "அவர்கள் யார் மீதும் எனக்குக் குறையில்லை" என்று எழுதியிருந்தாள். லோகன் அதில் "என் நண்பர்." நான் "அவருடைய மனைவி."

பெயர் எழுதக் கூடாது என்று மரியாதைக்காகத்தான் செய்திருப்பாள். ஆனால் ஹாஸ்டலில் மூன்று வருடம் ஒரே அறை. லோகன் யார் என்று தெரிவதற்கு முன்பே நான் அவளுக்குச் சிநேகிதி. அவள் கையெழுத்தில் நான் இப்போது யாரோ ஒருவரின் மனைவி.

14 பிப்ரவரி 2005, திங்கள்

கோப்பு இரண்டாவது கையெழுத்துக்கு என்னிடம் வந்தது. றூபினியைக் கூட்டிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனேன்.

"அந்த வைஃப் நான்தான் றூபினி."

அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. "நான் பகிடிக்குச் சொன்னது அக்கா" என்றாள். கொஞ்சம் கழித்து, "நீங்கள் இதைத் தொடாதேங்கோ. நான் மேல குடுக்கிறன்" என்று கோப்பை வாங்கிக்கொண்டாள். மாலை வரை என்னிடம் வாயாடவில்லை. அதுதான் தண்டனை மாதிரி இருந்தது.

6 மார்ச் 2005, ஞாயிறு

மறுக்கப்பட்டுவிட்டது. வேறொருவர் கையெழுத்து, என் வாசகம்.

ஷாமளாவுக்குப் போன் செய்தேன். மன்னிப்பு என்று தொடங்கினேன். "விடு மங்கை. பலகைதானே. வேற வாங்கிக்கலாம்" என்றாள். தன் பல் கிளினிக்கில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை எந்தப் பல் வைத்தியர் கிளினிக் திறக்கிறார்?

8 மே 2005, ஞாயிறு

லோகன், இனி ஸ்கீ போகப் போவதில்லை என்றார். கோபமாக இல்லை, மழை வரும் என்பது போல. கறுப்பு ஸ்கீக்களைப் பரணில் ஏற்றிவிட்டார்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது.

1 நவம்பர் 2005, செவ்வாய்

தீபாவளி. ஷாமளா வரவில்லை. அவளுக்கென்று எடுத்து வைத்த நெய்யுருண்டையை அலுவலகத்துக்குக் கொண்டுபோகப் போகிறேன்.

லோகன் வீட்டில்தான் இருக்கிறார். ஆனாலும் நாள் முழுக்க வாசலைப் பார்த்தேன். யாரை யார் எடுத்துக்கொண்டுவிடுவார்கள் என்று நான் இத்தனை நாள் பயந்தேன்? விடை நெருங்கி வந்ததும் யோசிப்பதை நிறுத்திவிட்டு, பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

4 டிசம்பர் 2005, ஞாயிறு

புதன்கிழமை ஷாமளா லோகனுக்குப் போன் செய்திருக்கிறாள். அவருடைய ஸ்கீ இரவல் வேண்டுமாம், கூட வருகிற ஒருவருக்கு. இன்று வந்தார்கள்.

ஒருவர் என்றால், கமலநாதன். சிங்கப்பூர்க்காரர், கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், தலை முழுக்க வெள்ளை. ஷாமளாவின் கையுறை அவர் கோட்டுப் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. லோகன் ஏணி போட்டு ஏறி, ஸ்கீக்களை இறக்கி, தூசி தட்டி, அவரிடம் கொடுத்தார். இருவரும் பாதத்தை வைத்து நீளம் பார்த்துக்கொண்டு கூடத்தில் நின்றார்கள். லோகன் முகத்தை உற்றுப் பார்த்தேன், பழைய வழக்கம். அதில் ஒன்றும் இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தார்.

நான்தான் அந்தக் கையுறையையே பார்த்துக்கொண்டு நின்றேன். யார் இந்த ஆள்? எப்படி எனக்குத் தெரியாமல்?

தேநீர் போட வந்தேன். ஷாமளா பின்னாலேயே வந்து, ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்றாள்.

"எத்தன நாளா?" என்றேன்.

"போன வருஷம் தீபாவளியிலேர்ந்து."

எண்ணிப் பார்த்தேன். அந்த ஜனவரிக்கு இரண்டு மாதம் முன்பு.

"லோகனுக்கு?"

"தெரியும். மலைக்கு ஏத்திவிடுற லிப்ட் நாற்காலில ஒரு மணி நேரம் தொங்கிக்கிட்டு வேற என்னா பேசறது? உங்கிட்ட சொல்லாதன்னு நாந்தான் சொன்னேன். நானே சொல்லணும்னு இருந்துச்சு. ஒருக்கா கல்யாணத்துல தோத்துட்டு, மறுபடியும் ஒரு ஆளுன்னு மத்தவங்க வாயால உனக்குத் தெரியக் கூடாது." கெட்டில் கொதித்து அணைந்தது. "அன்னைக்கு அந்தக் கஃபேல அதத்தான் பேசிக்கிட்டிருந்தோம். எப்படிச் சொன்னா நீ சந்தோஷப்படுவேன்னு லோகு நடிச்சுக் காட்டுனான். நான் சிரிச்சுக்கிட்டு இருந்தேன். அதுக்குள்ள உன் போன் வந்துருச்சி."

கப்புகளை வரிசையாக வைத்தேன்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் மங்கை. நீ எங்கிட்ட ஒண்ணுமே கேக்கல. அவனத்தான் கேட்டுக்கிட்டு இருந்த."

கூடத்துக்குப் போய்க் கமலநாதனிடம் சர்க்கரை எத்தனை என்று கேட்டேன். ஸ்கீயின் காலணிப் பிடியைத் திருகிக்கொண்டிருந்த லோகன், தலை நிமிராமல், "அவருக்குச் சர்க்கரை வேணாம்" என்றார்.

அடுப்படிக்குத் திரும்பி, ஷாமளாவின் கப்பில் வழக்கம்போல் இரண்டு கரண்டி போட்டேன். அவளைக் கேட்கவில்லை. இதுகூடவா எனக்குத் தெரியாது?

அவர்கள் போகும்போது இருட்டிவிட்டது. கமலநாதனும் லோகனும் காரின் மேல் ஸ்கீக்களைக் கட்டினார்கள். வாசலில் ஷாமளா என் கையைப் பிடித்துக்கொண்டு, கோடையிலிருந்து தான் சர்க்கரையை விட்டுவிட்டதாகச் சொன்னாள்.

உள்ளே வந்து பார்த்தேன். அவளுடைய கப்பில் ஒரு சொட்டு மீதமில்லை.