அண்ணனின் கோல்ஃப் முழங்கை

செவ்வாய், இரவு.

அண்ணனுக்கு வந்திருப்பது ‘கோல்ஃபர்ஸ் எல்போ’. பொன்னேரியில் எலும்பு டாக்டர் இன்று காலை உறுதிசெய்தார். முழங்கையின் உட்பக்கத் தசைநார் புண்பட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு இது அடிக்கடி வருமாம்.

“நான் இன்னா கோல்ஃபா ஆடறேன்? வலை இழுக்கறேன் சார்” என்றார் அண்ணன்.

“கைக்கு அது தெரியாதுங்க. அவங்களுக்குச் சொல்றதுதான் உங்களுக்கும். ஒரு மாசம் ஆட்டத்தை நிறுத்துங்க.”

பழவேற்காடு வரை சிரித்துக்கொண்டே வந்தார். படகுத்துறையில் இறங்கியதும் சிரிப்பு நின்றது. “அவுங்க விட்டா ஆட்டம் பூடும். நான் விட்டா பாடு பூடும்டா.”

பாடு என்பது ஏரியில் இறால் வலை போட வீட்டுக்கு வீடு சுற்றி வரும் முறை. வரும் திங்களன்று அது எங்கள் வீட்டுக்கு. தவறவிட்டால் அடுத்த சுற்று வரை கரையில்தான் நிற்க வேண்டும்.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட அண்ணி, “உன் பேருல நான் எறங்கறேன்” என்றார்.

“பாடு வலைக்கு பொம்பள எறங்கனதே இல்லமே.”

“கோல்ஃப் ஆடாதவனுக்கு கோல்ஃப் நோவு வருது. நான் எறங்கக்கூடாதா?”

அண்ணன் என் பக்கம் திரும்பி, “தலைவர கேட்டுக்கினு வாடா” என்றார். நான் ஊர்த் தலைவரிடம் போய்க் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. “இது புதுசா கீதேப்பா. நாலு பேர கலந்துக்கினு சொல்றோம்” என்றார்.

பதில் ஞாயிறு மாலை வர வேண்டும். அண்ணி அதற்காகக் காத்திருக்கவில்லை. நாளை விடிந்ததும் அண்ணன் கரையில் நின்று சொல்லச் சொல்ல, வலை வளைத்துப் பழகப் போகிறார்.