டாக்டருக்கு மட்டும் நல்ல நடை

மார்ச் 4
இன்று வீடியோவில் டாக்டர். நரம்பு டாக்டரைப் பார்க்க பஸ் ஏறினால் போய் இறங்குவதற்குள் என் வீட்டுக்காரர் உடம்பு கட்டையாகிவிடுகிறது. அதனால் ஒரு வருடமாக அவருடைய பார்க்கின்சன் வைத்தியம் முழுக்கக் கைப்பேசியில்தான். காலையிலேயே சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் தயாராக உட்கார்ந்திருந்தார். "யாருக்குக் கல்யாணம்?" என்றேன். முறைத்தார்.

கூடத்தில் நடந்து காட்டச் சொன்னார் டாக்டர். இவர் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர் அல்லவா, அணிவகுப்புக்குப் போவது போல நடந்தார். கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நான் பின்னாலேயே ஓடினேன். உட்கார்ந்த பிறகு தோளும் கழுத்தும் தானாக நெளிந்தன. டாக்டர் கண்ணில் அதுதான் பட்டது.

"ஆட்டம் ஜாஸ்தியா இருக்கே சார். மாத்திரை கூடிப்போச்சுன்னு நினைக்கிறேன். ஒவ்வொரு வேளையும் பாதியாக்கிடலாம்."

"சரிங்க டாக்டர்." என்ன பவ்யம்! என்னிடம் ஒரு நாளாவது இப்படிச் சொன்னதுண்டா?

மார்ச் 10
பாதி மாத்திரை போதவில்லை. நான் வங்கியில் வேலை முடிந்து வரும்போது குளியலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். கால் தரையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. எவ்வளவு நேரமாக என்று கேட்டால் "இப்பதான்" என்கிறார். தோளில் போட்ட ஈரத்துண்டு காய்ந்து விறைத்திருந்தது.

மார்ச் 12
விழுந்துவிட்டார். புருவத்தில் தையல்.

மார்ச் 13
லீவு சொன்னேன். மேலாளர் குரல் சரியில்லை. எத்தனை நாள்தான் லீவு போடுவது? தனியே விட்டுப் போகவும் பயம். நான் இல்லாத நேரத்தில் மண்டையில் அடிபட்டால் — எழுதவே கை வரவில்லை.

ஒன்று மட்டும் புரியவில்லை. அன்றைக்கு அப்படி நடந்தவருக்கு, மாத்திரை கூடிப்போன மனுஷருக்கு, எப்படி இது?

மார்ச் 14
விடாமல் கேட்டேன். கடைசியில் வாயிலிருந்து வந்தது. டாக்டர் கூப்பிடுகிற நாளெல்லாம் எனக்குத் தெரியாமல் ஒரு மாத்திரை கூடுதலாகப் போட்டுக்கொள்வாராம்! அந்த ஆட்டம் அதனால் வந்தது. அதைப் பார்த்துத்தான் டாக்டர் குறைத்திருக்கிறார்.

"அந்த டாக்டர் பொண்ணு முன்னாடி கூனிக்குறுகி நிக்கச் சொல்றியா? எத்தனை பேர நிமிர வெச்சவன் நான்!"

"தலைய உடைச்சுக்கிட்டு நிமிர்ந்து என்ன பண்ணப்போறீங்க?" கத்திவிட்டேன்.

டாக்டரிடம் சொன்னால் தன் முகத்திலேயே முழிக்கக்கூடாதாம். அழுகையா வருது, ஆத்திரமாவும் வருது. இந்த மனுஷன வெச்சுக்கிட்டு நான் என்னதான் செய்ய?

மார்ச் 15
சொல்லிவிட்டேன். மாடிப்படியில் நின்றுகொண்டு டாக்டரிடம் வேலை பார்க்கும் நர்ஸ் சிஸ்டருக்கு போன் போட்டேன். திங்கட்கிழமை காலை, முதல் மாத்திரைக்கு முன்பே டாக்டர் பார்ப்பாராம். அதுவரை வேளைக்கு நான்தான் எடுத்துத் தர வேண்டும்; இவர் கைக்கு மாத்திரை டப்பா போகக்கூடாது. டப்பா என் கைப்பையில். திருடி மாதிரி இருக்கிறது.

மார்ச் 17
கைப்பேசி அடித்தபோது அவர் படுக்கையறை வாசலில் நின்றார். பனியன், சவரம் செய்யாத முகம், நடுங்கும் கை. கால் எழவில்லை.

"போனை அமத்து."

அமத்தவில்லை.

"அமத்துடி!"

வீடியோவை எடுத்து, அவர் காலுக்கு நேராகப் பிடித்தேன்.

டாக்டர் திரையில் உற்றுப் பார்த்தார். பிறகு, "சார், இப்பதான் உங்கள முதல் தடவையா பாக்கறேன். அம்மா, அவரப் பிடிச்சுக்கிட்டு, உங்க காலை அவர் காலுக்கு முன்னாடி குறுக்கா வைங்க. சார், அதத் தாண்டுங்க. அவசரமில்ல" என்றார்.

இருந்த கோபத்துக்கு என் காலை மிதித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். தாண்டினார்.

மார்ச் 22
முழு மாத்திரை திரும்பிவிட்டது. வேளைக்கு வேளை இடைவெளியையும் டாக்டர் குறைத்துவிட்டார். அதன் பிறகு விழவில்லை. பேசவுமில்லை. உப்பு வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துக் கேட்கிறார்.

ஏப்ரல் 2
மறுபடி வங்கிக்குப் போகிறேன். இன்று காலை நான் குளித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. அவரே எடுத்துவிட்டார். கதவுக்கு வெளியே அவர் குரல்:

"பதினோரு மணி வேண்டாம் சிஸ்டர். அப்ப நல்லாத்தான் இருப்பேன், என்னத்தப் பாப்பாங்க? காலையில மாத்திரைக்கு முன்னாடி கூப்பிடுங்க. எங்க வீட்டம்மா வேலைக்குக் கிளம்பறதுக்குள்ள. போனைப் பிடிக்க அவதான் சரி."

குழாயை முழுதாகத் திறந்து விட்டேன். நான் அழுவது அவருக்குக் கேட்க வேண்டாம்.