உன் சட்டையில் வந்தவன்

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நன்றாகத்தான் இருக்கிறோம், அப்பாவுக்கு முட்டிவலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை, நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருக்க வேண்டும். நலம் விசாரித்தாயிற்று, இனி திட்டப் போகிறேன். போனில் என்றால் "அம்மா, மீட்டிங்ல இருக்கேன்" என்று கழன்றுகொள்வாய், அதனால்தான் கடிதம்.

தையல் மிஷினுக்கு மோட்டார் மாட்டியாயிற்று, மாடியில் ஒழுகின இடத்தையும் அடைத்தாயிற்று. வார்டு தேர்தலும் முடிந்தது. நம் தெரு டீச்சரம்மா நின்றார்கள் என்று சொன்னேனே, அவர்களுக்கு பூத் ஏஜெண்டாக உட்கார வேண்டிய பால்காரருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. வருகிற முகம் எல்லாம் உங்களுக்குத் தெரியும் அக்கா என்று விடிந்ததும் வந்து என்னை இழுத்துப் போய் உட்கார வைத்துவிட்டார்கள். முகம் என்ன, இந்தத் தெருவில் யாருக்கு வயிறு போட்டிருக்கிறது, யாருக்குத் தோள் இறங்கியிருக்கிறது என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். நான் அங்கே இருப்பது வந்தவனுக்கு முன்னமே தெரிந்திருந்தால் அன்றைக்கு நடந்த கூத்து நடந்திருக்காது. மத்தியானம் கூட்டம் குறைந்த நேரத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு ஒருத்தன் வந்தான். முகத்துக்கு முன்னால் சட்டையைத்தான் பார்த்தேன், நீல நிறத்தில் பொடிக்கட்டம், உனக்கு இடது தோள் கொஞ்சம் இறக்கம் என்று நானே அளந்து வெட்டினது. இவன் தோளில் அது கோணிக்கொண்டு நின்றது. அதற்கு முந்தின வாரம் அப்பாவின் முட்டியைப் பார்க்க வந்தேன் என்று வந்து உட்கார்ந்திருந்தானே உன் மாமா பையன், அவனேதான். கையில் உன்னுடைய வாக்காளர் அட்டை. என்னைப் பார்த்ததும் கண் இரண்டும் முழித்தது, ஆனால் திரும்பிப் போனானா? போகவில்லை. உன் பேரைச் சொல்லிக்கொண்டு அப்படியே நின்றான்.

நான் எழுந்து, இது அவன் இல்லை என்றேன். அதிகாரி சலித்துக்கொண்டே அவனிடம் பிறந்த தேதி கேட்டார், சொன்னான். வீட்டு நம்பர், அப்பா பேர், எல்லாம் கடகடவென்று சொன்னான், நம் வீட்டில் தின்று வளர்ந்தவனுக்குத் தெரியாதா? அம்மா பேர் என்ன என்று கேட்டார், என் பேரைச் சொன்னான், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. அந்த அம்மா நான்தான் சார், இவன் என் பிள்ளை இல்லை என்றேன். அறையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். அதற்கு அந்த அதிகாரி என்ன சொன்னார் தெரியுமா, சொந்தக்காரங்கதானே, வீட்டுல பேசிக்கக் கூடாதாம்மா என்றார். எதிர்க்கட்சி ஏஜெண்ட் என் காதருகே குனிந்து, விட்டுடுங்கக்கா, எங்க ஆளும் ரெண்டு பேர் வருவாங்க, நீங்களும் கண்டுக்காதீங்க என்றான். நான் சொன்னதை எழுதிப் பதிவு செய்தால்தான் உட்காருவேன் என்று நின்றேன், அதிகாரி எழுதிக்கொண்டு அவனை ஓட்டுப் போட விடாமல் திருப்பி அனுப்பினார். அவன் போட வந்தது நம் டீச்சரம்மாவுக்குத்தானாம், அதனால் இப்போது நம் ஆட்களே என்னை முறைக்கிறார்கள். டீச்சரம்மா மட்டும் முறைக்கவில்லை. நான் செய்தது சரி என்றும் சொல்லவில்லை, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அட்டையை எங்கே திருடினாய் என்று பூத் வாசலில் அவனைப் பிடித்தேன். திருடலை அத்தை, அவன்தான் எடுத்துக்கச் சொன்னான் என்று போனைக் காட்டினான். உன் மெசேஜ். பீரோ மேல் தட்டில் என் நீலச் சட்டைக்கு அடியில் இருக்கு, எடுத்துக்கோ, எனக்கு எதுக்கு, அம்மாகிட்ட சொல்லாதே. கீழே சிரிக்கிற பொம்மை வேறு. அத்தனை பேர் முன்னால் இவன் என் பிள்ளை இல்லை என்று சொன்னபோது எனக்குக் குரல் நடுங்கவில்லை. அதைப் படித்த பிறகுதான் நடுங்கியது. இன்றைக்கு வரை மாமா வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை, போகட்டும். வாக்காளர் பட்டியலை எல்லாரும் பார்க்கட்டும் என்று நூலகச் சுவரில் ஒட்டியிருந்தபோதே உன் பேரை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம் என்றேன், அப்பாதான் விடவில்லை. ஆள்தான் இல்லை, பேராவது நம்ம வீட்டு நம்பர்ல இருக்கட்டுமே என்றார். அந்த ஆசையைத்தான் நீ மாமா பையனுக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறாய்.

ஊரில் இல்லாதவர்கள் பேரில் எத்தனை ஓட்டு விழுந்தது என்று தேர்தல் ஆபீசில் போய்க் கேட்டேன். உங்களுக்கு எதுக்கும்மா அதெல்லாம் என்று அங்கிருந்த கிளார்க் நகத்தைக் கடித்துக்கொண்டு கேட்கிறான். தகவல் கேட்டு மனு எழுதிக் கொடுத்து, கையோடு ரசீதும் வாங்கி வந்தேன். அப்படியே உன் பேரை நீக்குகிற படிவத்தையும் வாங்கி வந்தேன். அதில் காரணம் கேட்கிறார்கள், இறந்துவிட்டார் என்று ஒரு கட்டம், குடிபெயர்ந்துவிட்டார் என்று ஒரு கட்டம், ஒன்றுக்குக் கீழ் ஒன்று. நான் சரியான கட்டத்தில்தான் டிக் போடுகிறேனா என்று அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தார். போட்டு முடித்த பிறகும் அவர் நகரவில்லை.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நூறு வயசு நன்றாக இரு, அதில் எனக்கு மாற்றம் இல்லை. நீ வேலை பார்க்கிற அந்த ஊரில் உன் பேரைப் பதிந்துகொள், அட்டை வந்ததும் அப்பாவுக்குப் படம் அனுப்பு, மறக்காதே. சட்டையை வாசலிலேயே கழற்றி வாங்கிவிட்டேன், துவைத்து வைத்திருக்கிறேன். வரும்போது நீயே வந்து போட்டுக்கொள்.

இப்படிக்கு,
அந்த அறையில் பேர் சொல்லப்பட்ட
உன் அம்மா