கீறல் இருக்கும் பக்கம்

கண்ணு,

சோறும் முட்டையும் அடுப்பின் மேல் மூடி வைத்திருக்கிறேன். நாம் வாங்கிய பழைய கிடாரைத் திருப்பி எடுத்துப்போக, நான் வரச்சொன்ன கடைக்காரர் ஐந்து மணிக்கு வருவார். கொடுக்காதே.

நேற்று கம்பி இரைந்ததும், நீ இடதுகையால் மீட்டுவதுதான் காரணம் என்று நினைத்து, "ஒழுங்காப் பிடிக்கத் தெரியாதவளுக்கு எதுக்குடி இது?" என்று கத்திவிட்டேன். நீயும் சாப்பிடாமல் படுத்துவிட்டாய்.

காலையில் அதை ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். கீறல் விழாமலிருக்க ஒட்டிய தகடு புதிதுபோலப் பளபளக்கிறது. கீறலெல்லாம் நடுத்துளைக்கு மறுபக்கம். யாரோ இடதுகைக்காரர் உன்னைப்போலத் திருப்பிப் பிடித்து வருஷக்கணக்கில் வாசித்திருக்கிறார். கழுத்து நுனியில் கம்பிகள் உட்காரும் வெட்டுகளையும் அவருக்கென்றே மாற்றி வெட்டியிருக்கிறார்கள். அது தெரியாமல் கடையில் வழக்கம்போலக் கம்பி மாட்டியதால், மெல்லிய கம்பி அகலமான வெட்டில் கிடந்து ஆடுகிறது. இரைச்சல் அதனால்தான்.

கடைக்காரரிடம் கம்பிகளை வரிசை மாற்றி மாட்டித் தரச் சொல். "எங்கப்பாவுக்குத்தான் பிடிக்கத் தெரியல" என்றும் சொல்லிக்கொள்.

பி.கு.: பலகை முழுக்கத் தட்டிப் பார்த்துவிட்டேன். எங்கும் விரிசல் இல்லை.

இன்னொன்று: மாட்டியதும் வாசித்துவிடாதே. ஏழு மணிக்குள் வந்துவிடுவேன். உன் கையில் அது முதலில் எப்படி ஒலிக்கிறது என்று நானும் கேட்க வேண்டும்.

அப்பா