இருபத்து மூன்று நாள் சீனியர்

அன்று நான் உங்களிடம் சொல்லாதது இதுதான்: அப்பா வீட்டில்தான் இருந்தார். பட்டுத் தறிக்குப் பக்கத்தில் பாயை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியில் இருந்தாள். நான் வாசற்படியில் நின்றுகொண்டு, "அப்பா முள்ளிப்பட்டு போயிருக்காரு" என்றேன். நீங்கள் நகரவில்லை. "அம்மாவும் கூடப் போயிருக்காங்க, நான் மட்டும்தான் இருக்கேன்" என்று சேர்த்துக்கொண்டேன். பெண் தனியாக இருக்கும் வீட்டுக்குள் நீங்கள் கால் வைக்க மாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

போன மாதம், நீங்கள் இறந்த முப்பதாம் நாள் பூசைக்கு அப்பா போய்வந்தார். மறுநாள் அவருடைய வெள்ளைச் சட்டையை ஊறவைக்க எடுத்தேன். பையில் நான்கு கிராம்பு கிடந்தது. உடனே நான் செய்தது, சட்டையின் காலரை முகர்ந்தது. வியர்வையும் மெழுகுவத்திப் புகையும் மட்டும்தான் இருந்தன. ஒன்பது வருடம் ஆகிவிட்டது, இன்னும் முகர்ந்துகொண்டுதான் இருக்கிறேன்.

எங்கள் வீட்டில் கிராம்புக்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. நான் ஏழாவது படிக்கும் காலத்திலிருந்து, குடித்துவிட்டு வரும் நாள்களில் அப்பா அதை மென்றுகொண்டு வருவார். "சாப்ட்டாச்சா பாப்பா?" என்று அவர் குனிந்து கேட்கும்போது முதலில் வருவது அந்த வாசனைதான். அதற்கு அடியில் இன்னொன்று இருக்கும். அம்மா குருமாவில் கிராம்பு போடுவதையே நிறுத்தியிருந்தாள்.

நீங்கள் வந்தது எங்கள் தெருக் கம்பத்தில் ஒயர் கருகியதற்காக. எப்போதோ கம்பத்திலிருந்து விழுந்து முறிந்த காலை இழுத்துக்கொண்டு ஒரு லைன்மேன் மறுபடியும் கம்பம் ஏறுவதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. இறங்கியதும் தண்ணீர் கேட்டீர்கள். அப்பா சொம்பைக் கொண்டு வந்தார். பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்திவிட்டது. நீங்கள் சொம்பை வாங்கவில்லை, அவர் கையைப் பார்த்தீர்கள்.

"எத்தினி நாள் ஆச்சுங்க உட்டு?"

"மூணு நாள் சார்."

"டாக்டராண்ட காட்டினீங்களா? சும்மா நிறுத்திட்டா ஒடம்பு ஒதறும், ஃபிட்ஸ்கூட வரும். ஜல்தி கெளம்புங்க."

சைக்கிளின் பின்னால் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனீர்கள். மாத்திரைகளுடன் திரும்பினார் அப்பா. மறுநாளிலிருந்து மாலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டில் இருந்தீர்கள். "ஆறு மணிதான் பேஜார் புடிச்ச நேரம். காலு தானா கடைக்கு நடக்கும்" என்றீர்கள். தறியை நிறுத்திவிட்டு அப்பா முகம் கழுவும் நேரம் அது.

நான் நிறையப் படிப்பவள் என்று உங்களுக்குத் தெரியும். புத்தகங்களில் நல்லவர்கள் காரணமில்லாமல் வருவார்கள். எங்கள் தெருவில் அப்படி யாரும் வந்து நான் பார்த்ததில்லை. எதிர்வீட்டு அக்கா சொன்னாள்: "கரண்ட் ஆபீஸ்காரருக்கு உங்க ஊட்ல இன்னாடி வேல? ஆறு மாசத்துல உங்கப்பாவுக்கு ஞானஸ்நானம், பாத்துகினே இரு." நான் சிரித்தேன். ஆனால் அந்த வார்த்தையை எடுத்து வைத்துக்கொண்டேன். ஒருநாள் டீ கொடுக்கும்போது நேராகவே கேட்டேன்.

"உங்களுக்கு இதுல இன்னா சார்?"

அம்மா என்னை முறைத்தாள். நீங்கள் டம்ளரைப் பார்த்தபடியே, "எனக்காகத்தாம்மா வரேன்" என்றீர்கள். அந்தப் பதில் என் சந்தேகத்தை வளர்க்கத்தான் செய்தது. உங்களுக்காக என்றால், எதற்காக?

சேர்த்துவைக்க எனக்கு விஷயங்கள் கிடைத்துக்கொண்டே இருந்தன. இருவரும் ஆற்றுப்பாலம் வரை நடக்கப் போவீர்கள். நேர்வழியில் போகாமல் கோட்டை மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போவீர்கள். ஏன் சுற்ற வேண்டும்? நேர்வழியில் பிராந்திக்கடை இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலூரில் ஏதோ கூட்டம் என்று அப்பாவை அழைத்துப் போனீர்கள். என்ன பேசினார்கள் என்று கேட்டதற்கு, "அங்க பேசறத அங்கியே உட்டுட்டு வரணும். முழுப் பேருகூடக் கேக்க மாட்டாங்க" என்றார் அப்பா. பேர் கேட்காத கூட்டம் எப்படிப்பட்ட கூட்டம் என்று இரண்டு நாள் யோசித்தேன். குடியை விட்டவர்கள் கூடும் இடம் என்பது பிறகுதான் தெரிந்தது.

என் சந்தேகத்துக்கு இடைஞ்சலாக இருந்தது ஒரே விஷயம்தான். தறியில் தீரப்போகும் பழைய பாவு நூலோடு புதுப் பாவு நூலைப் பிணைக்க வேண்டிய வாரம் அது. இழைக்கு இழை, சாம்பல் தொட்டு முறுக்க வேண்டும். அப்பாவின் கை நடுக்கம் நிற்கவில்லை. அம்மா தனியாக உட்கார்ந்து செய்துகொண்டிருந்தாள். "ஒயர் ஜாயிண்ட் போடறாப்பலதானே?" என்று நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு இழையைத் தொட்டீர்கள். அறுந்தது. இன்னொன்றைத் தொட்டீர்கள், அதுவும் அறுந்தது. "அய்யோ சார், கரண்ட்ட நீங்க பாத்துக்குங்க, பட்ட நாங்க பாத்துக்கறோம்" என்று அம்மா சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. உங்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல் எரிச்சலோடு உள்ளே போனேன்.

அப்பா குடிக்காத ஒவ்வொரு நாளுக்கும் அம்மா தறிக்கட்டையில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினாள். எல்லாம் சிவப்பு. இருபத்திரண்டாவது பொட்டு ஒட்டிய அன்று, நீங்கள் கைகழுவப் பின்பக்கம் போனபோது, ஆணியில் மாட்டியிருந்த உங்கள் காக்கிப் பையைத் திறந்து பார்த்தேன். டெஸ்டர், கறுப்பு டேப், ஜெபமாலை. அடியில் ஒரு பழைய பவுடர் டப்பா. அதை அசைத்தால் கலகலவென்றது. மூடியைத் திருகினேன். நிறையக் கிராம்பு.

அன்று பாலத்திலிருந்து திரும்பிய அப்பாவின் வாயிலும் அதே வாசனை. அடியில் வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. சாமர்த்தியமாக மறைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை. நானே பார்த்துக்கொள்வதாக நினைத்தேன்.

மறுநாள்தான் நீங்கள் நாலரை மணிக்கே வந்தீர்கள்.

சட்டைப் பித்தான்கள் துளை மாறிப் போடப்பட்டிருந்தன. நெற்றியில் வியர்வை. "அப்பா கீறாராம்மா?" என்றீர்கள். நான் இல்லை என்றேன். "எப்ப வருவாரு?" என்றீர்கள். தெரியாது என்றேன். "கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போவட்டா?" என்று கேட்டபோதுதான் அந்த இரண்டாவது பொய்.

அப்பாவின் செருப்பு உங்கள் காலடியில் கிடந்தது. இடதுகாலின் வார் அறுந்து கம்பியால் கட்டியிருக்கும். அவருக்கு இருந்தது அந்த ஒரு ஜோடிதான். நீங்கள் அதைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். "சரிம்மா, வந்தா நான் வந்துட்டுப் போனேன்னு சொல்லு" என்று சைக்கிளைத் திருப்பினீர்கள். நான் கதவைச் சாத்தினேன். தூக்கமில்லாமல் தவித்த மனிதர் அன்றுதான் அசந்து தூங்குகிறார், எழுப்பியிருக்கக் கூடாது என்று எனக்கு நானே ஒரு நியாயமும் தயாரித்துக்கொண்டேன்.

ஆறு மணிக்கு அப்பா முகம் கழுவி, தலை வாரி உட்கார்ந்தார். ஆறேகால். ஆறரை. "கடியாரம் சரியாத்தான ஓடுது?" என்று கேட்டார். "லைன்ல வேல வந்திருக்கும்" என்றாள் அம்மா. அப்பா எழுந்து தெருவைப் பார்ப்பதும் வந்து உட்காருவதுமாக இருந்தார். அவர் கை தொடையைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஏழு மணிக்குச் செருப்பை மாட்டினார்.

"எங்க போறீங்க?" என்றாள் அம்மா.

"அவரப் பாத்துட்டு வரேன். ஆளு இப்டி வராம இருக்க மாட்டாரு."

நூலகப் புத்தகத்தைத் திருப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டு நானும் பின்னாலேயே போனேன். அப்பா மைதானத்தைச் சுற்றிப் போகவில்லை, நேர்வழியில் நடந்தார். பிராந்திக்கடை எதிரே நின்றார். கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தார். பிறகு படி ஏறிப் போய்விட்டார். நான் பூக்கடை ஓரமாக நின்றேன். நான் நினைத்தது சரியாகப் போயிற்று என்று ஒரு நிமிடம் திருப்திகூட வந்தது. இதை எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். கடை வாசலில் உங்கள் சைக்கிள் நின்றிருக்கிறது. எல்லாவற்றையும் உளவு பார்த்த எனக்கு அது கண்ணில் படவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "உள்ள போயிட்டாரு" என்றேன்.

அம்மா எழுந்தாள். தறிக்கட்டையிடம் போய்ப் பொட்டுகளை ஒவ்வொன்றாக நகத்தால் உரித்தாள். உரித்ததை முந்தானையில் ஒட்டிக்கொண்டாள். கடைசிப் பொட்டை உரிக்கும்போது வாசலில் அப்பாவின் குரல் கேட்டது.

"வந்து ஒரு கை புடி."

அப்பாவின் தோளில் நீங்கள் சாய்ந்திருந்தீர்கள். உங்கள் கால் இரண்டும் தரையில் இழுபட்டன. வாடை வீடெல்லாம் பரவியது. நான் அப்பாவின் முகத்தருகே போனேன். கிராம்பு மட்டும்தான் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் ஏன் அவ்வளவு பக்கத்தில் வந்தேன் என்பது அவருக்குத் தெரியும். "இவரு இன்னிக்கி இங்கதான் படுப்பாரு" என்று மட்டும் சொன்னார்.

அம்மா பொட்டுகளைத் திரும்ப ஒட்டினாள். கோணல்மாணலாக ஒட்டினாள். சிவப்பு தீர்ந்துபோனதால் அன்றைய பொட்டு மட்டும் பச்சை.

காலையில் அப்பா சொல்லித்தான் தெரிந்தது. முந்தின நாள் போளூரில் உங்கள் மகளுக்குக் கல்யாணம். உங்கள் குடி தாங்காமல், மகள் சின்னவளாக இருக்கும்போதே உங்கள் மனைவி அவளைக் கூட்டிக்கொண்டு அங்கே அண்ணன் வீட்டுக்குப் போனவர். ஆபீஸில் யாரோ ஒருவர் மேசையில் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்திருக்கிறீர்கள். உங்களுக்கு வரவில்லை. பதினோரு வருடம் தொடாத மனிதர் நீங்கள். அந்தச் சாயங்காலத்தைத் தாண்டப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும் என்றுதான் நாலரைக்கே வந்திருக்கிறீர்கள். இந்தக் கடைசி வரி அப்பா சொன்னதல்ல. அவருக்கு அது தெரியாது.

"நேரா ஊட்டுக்கு வந்திருக்கலாமே சார்? நான் இங்கதான கெடந்தேன்?" என்றார் அப்பா.

நான் உங்களுக்குக் காபி நீட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் டம்ளரை வாங்கிக்கொண்டீர்கள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "வரணும்னு தோணல. என் தப்பு" என்றீர்கள். பிறகு பையிலிருந்து அந்தப் பவுடர் டப்பாவை எடுத்து அப்பாவுக்கு ஒரு கிராம்பு கொடுத்தீர்கள். "போட்டுக்குங்க. வாய் சும்மா இருந்தா கேக்கும்."

"பதினோரு வருஷம் போச்சே சார்" என்று அம்மா தாங்காமல் சொன்னாள்.

"போச்சும்மா. பழசு கணக்குல வராது. இன்னிக்கி எனக்கு ஒண்ணு, அவருக்கு இருபத்தி நாலு. இனிமே அவருதான் சீனியர்."

அதற்குப் பிறகு அதுவே உங்கள் இருவருக்கும் பேச்சாகிவிட்டது. வாசலில் சைக்கிள் மணி அடிக்கும். "இன்னா சீனியர், டீ உண்டா?" அப்பா உள்ளிருந்து, "ஜூனியருக்குச் சக்கர கம்மியாப் போடு" என்பார். அம்மா சிரிப்பாள். நான் மட்டும் ஒவ்வொரு முறையும் டீயோடு வெளியே வரத் தயங்குவேன்.

உங்களைச் சந்தேகப்படுவதை நான் அப்போதும் விடவில்லை. ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை? எதற்காக இதைக் கையில் வைத்திருக்கிறீர்கள்? என்றைக்கு எடுப்பீர்கள்? மாதக்கணக்கில் காத்திருந்தேன். வேலூரில் எனக்கு வேலை கிடைத்த பிறகு ஒருநாள் ஆரணி பஸ் ஸ்டாண்டில் உங்களைத் தனியாகப் பார்த்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். "சார், அன்னிக்கி..." என்று தொடங்கினேன். "உன் பஸ்ஸு வந்துட்டுது பாரும்மா" என்றீர்கள். பஸ் வந்திருந்தது உண்மைதான். என்னை நிறுத்துவதற்காகச் சொன்னீர்களா என்று பல தடவை யோசித்துவிட்டேன். இனிக் கேட்க வழியில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு உங்கள் மகள் வந்திருந்தாளாம். திரும்பிவந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே அப்பா சொன்னார். அவள் என் அப்பாவிடம் வந்து, கடைசியில் அவர் குடிக்காமல் இருந்தார் என்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருக்கிறாள். உண்மை என்றிருக்கிறார் அப்பா. எத்தனை வருடம் என்றிருக்கிறாள். உங்கள் கணக்குப்படி, ஒன்பது என்று சொல்லியிருக்கிறார்.

"அப்ப என் கல்யாணத்தப்ப குடிச்சிகினுதான் இருந்தாரு. கூப்புடாதது சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாளாம்.

"அதுக்கு முன்னாடி பதினொண்ணுன்னு சொல்ல வேண்டியதுதானப்பா?" என்றேன்.

"சொன்னா, ஏன் ஒடஞ்சுதுன்னு கேப்பா. உன் கல்யாணத்தாலன்னு எப்டிச் சொல்றது?" என்றார் அப்பா. கழற்றிய சட்டையை என்னிடம் நீட்டி, "அன்னிக்கி ஏன் அவரு நேரா இங்க வரலன்னுதான் இன்னும் எனக்குப் புரியல" என்றார். நான் வாங்கிக் கொடியில் போட்டேன். மறுநாள் அந்தச் சட்டையைத்தான் ஊறவைத்தேன்.

போன சனிக்கிழமை விடுப்பு எடுத்துப் போளூருக்குப் போனேன். உங்கள் மகள் கதவைப் பாதிதான் திறந்தாள். "யாரு அனுப்புனது உங்கள?" என்றாள். யாரும் அனுப்பவில்லை என்றேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், நாலரை மணியை, இரண்டு பொய்களை, செருப்பை. அவள் விரலை மடக்கி எண்ணினாள்.

"அப்ப நான் அஞ்சாவது படிக்கிறப்பவே உட்டுட்டாரா?"

ஆமாம் என்றேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.