ஊதா வால்வும் உங்க அத்தாவும்

இன்று காலை டீக்கடை ரேடியோவில் ஒரு ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். பேஸ்ட் புகைந்து மூக்கில் ஏறியதும், நீயே பின்னால் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. அத்தர் கடை வீட்டில் பிறந்து, ஈய வாசனையோடு திரிந்தவன் செஞ்சியிலேயே நீ ஒருத்தன்தானே.

போன வருஷம் இதே நாட்களில், கடையின் பின்கட்டில் நீ ஆம்ப்ளிஃபயர் கட்டிக்கொண்டிருந்தாய். ரேடியோ படிக்க மெட்ராஸுக்குப் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாய். மகனை அனுப்ப உங்க அத்தா ஒரே நிபந்தனை போட்டார். பாட்டு முடிந்தால் சத்தமும் முடியவேண்டும். இல்லாவிட்டால் கடையில் உட்காரவேண்டும். உன் பெட்டியோ பாட்டு நின்ற பிறகும் தேனீக்கூடாய் இரைந்தது. எதிர்த்தெரு ரைஸ் மில் ஓடினால், கரண்ட் இறங்கி, ரெகார்டில் பாடுகிற அம்மாவுக்குக் குளிர்ஜுரமே வந்துவிடும்.

அதற்குத்தான் அந்த ஊதாவாய் எரியும் ரெகுலேட்டர் வால்வு. பக்கத்தில் நின்றுகொண்டு மிச்ச கரண்டையெல்லாம் அது குடித்துவிடும், பாட்டுக்குப் போவது ஏறாது, இறங்காது என்றாய். எங்கள் பெரியப்பா பந்தியில் பாயசத்துக்குச் செய்கிற வேலை என்றேன்.

இரைச்சல் போயிற்று. ஆனால் அந்த வால்வே மெல்லச் சீறியது. அதை அமுக்க, பெரிய கண்டென்சர் ஒன்றை நேராக அதன் தலையிலேயே கட்டினாய். பெரிதாய்ப் போட்டால் அமைதியும் பெரிதாய் வரும் என்ற கணக்கு. பெட்டி தவளை மாதிரி டுபு டுபு என்று கத்த ஆரம்பித்தது.

"இன்னாடா, ஏரியில இருந்து உன் சொந்தக்காரன் எல்லாம் வந்துட்டானா?" என்றேன்.

நீ சிரிக்கவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து அத்தா கேட்க வருவார். வால்வு எரிந்து எரிந்து அணைவதைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாய்: "கண்டென்சர் ரொம்புது, வால்வு பத்திக்கிது, எல்லாத்தையும் கொட்டிட்டு அணைஞ்சிடுது. மறுபடி ரொம்புது. ரெண்டும் ஒட்டி நிக்கக் கூடாதுடா. நடுவுல ஒரு ரெசிஸ்டர் போடணும்."

போட்டாய்.

மறுநாள் ரெகார்ட் முடிந்தது. முள்ளைத் தூக்கினாய். அத்தா காத்திருந்தார்.

"ஆஃப் பண்ணிட்டியா?"

"இல்ல அத்தா. ஓடுது."

அவர் ஸ்பீக்கர் துணியில் காதை வைத்தார். அந்த நேரம் பார்த்து மில் கிளம்பியது. பல்பு மங்கியது, பெட்டி மூச்சுக்கூட விடவில்லை. எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மெட்ராஸில் தங்க வீடு யார் பார்ப்பது என்று மட்டும் கேட்டார்.

நாலு மாசம் படித்தாய். மழையில் மஞ்சள் காமாலையோடு வந்து இறங்கினாய். உன்னை அடக்கம் செய்த அன்றும் அதே மழை. அதற்குமேல் எழுத வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை அத்தா என்னைக் கூப்பிட்டு, பெட்டியைப் போடச் சொன்னார். எந்த ரெகார்ட் என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம், சும்மா ஓடட்டும் என்றார். வால்வு ஊதாவாய் எரிந்தது. எதிரே உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அவன் தங்கின ரூம் காலியாத்தான் இருக்குதாம். நீ போறியா?" என்றார்.

திங்கட்கிழமை பஸ் ஏறுகிறேன். படிப்புக்கும் எனக்கும் எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியும். ஆனால் அந்த வால்வு ஒருநாள் அணையும். அன்றைக்கு அவர் கடை வாசலில், அதை மறுபடி எரியவைக்கத் தெரிந்த ஒருத்தன் நிற்கவேண்டும்.