முன்னால் மட்டும் போகும் விதை

ஜூன் 9, திங்கள்

இன்று முழுக்க இறகுப்புல்லைக் கோதினேன். மழை எட்டிப் பார்க்காத மலைச்சரிவில் கல்லுக்கு நடுவே வளர்ந்து பழகிய புல். ஒருமுறை வேர்பிடித்தால் வருஷா வருஷம் தானே தழைக்கும். ஆனால் மகாராணி! தண்ணீர் கூடினால் அழுகும், ஒட்ட வெட்டினால் முளைக்காது. தலை வாருவதுபோல் விரலால் கோதி, காய்ந்த கதிர்களை உருவ வேண்டும். "உன் கைக்குத்தான் இது அடங்குது. மத்தவங்க கோதினா வேரோட வருது" என்றார் நர்சரி முதலாளியம்மா. எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் சிட்டு என் இடுப்பில் தாவி ஏறிக்கொண்டாள். இரண்டரை வயதாகியும் என் சட்டைக் காலரைச் சப்பினால்தான் தூக்கம். இன்று பாதித் தூக்கத்தில் புரையேறி, முகம் சிவக்க இருமினாள். தலையில் தட்டினேன். "யாரோ நினைக்கிறாங்க" என்றார் இவர்.

ஜூன் 13, வெள்ளி

இருமல் நிற்கவில்லை. பக்கத்துத் தெரு டாக்டர், "சளிதாம்மா" என்று சிரப் எழுதித் தந்தார். சளிதான். சளியாகத்தான் இருக்கும்.

ஜூன் 15

பரவாயில்லை. இரண்டு தோசைக்கல் மூடியை வைத்துத் தாளம் போட்டாள்.

ஜூன் 18, புதன்

மறுபடி காய்ச்சல். ஓடினால் நெஞ்சில் விசில் மாதிரி ஒரு சத்தம். எனக்கு மட்டும்தான் கேட்கிறதா? இவரைக் கூப்பிட்டுக் காதை வைக்கச் சொன்னேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று சிரித்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. போன வருஷம் அவள் கன்னத்தில் அடக்கி வைத்திருந்த உருளைக்கிழங்கைக் கட்டி என்று நினைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடியவள்தானே நான். நர்ஸ் வாயைத் திறக்கச் சொன்னதும் சிட்டு அதை மென்று விழுங்கினாள். அன்றிலிருந்து இந்த வீட்டில் என் பெயர் பயந்தாங்கொள்ளி.

ஆனாலும் அவள் தூங்கியதும் மறுபடி நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

அழுக்குக் கூடையின் அடியில் அந்தப் பச்சைச் சட்டை. புல் கோதிய அன்று போட்டது. உதறும்போது விரலில் குத்தியது. காலர் மடிப்பைப் பிரித்தேன். ஒரு விதை. பக்கத்தில் இன்னொன்று. மூன்றாவது இடத்தில் வால் மட்டும் — தலை இல்லை. வால் நசுங்கியிருந்தது. பல் பட்ட மாதிரி.

ஐயோ. ஐயோ, என் தங்கமே.

போன் போட்டு இவரை உடனே வரச் சொன்னேன். இவர் வந்ததும் சட்டையைக் காட்டினேன். "ஒரு புல்லு விதைக்கா இந்த அழுகை?" என்றார். ஈரத்துண்டை மேஜைமேல் விரித்து, முழு விதை ஒன்றை அதன்மேல் வைத்தேன். முறுக்கிய வால் ஈரம் பட்டு மெல்லத் திரும்ப ஆரம்பித்தது. ஊசிமுனை துண்டுக்குள் இறங்கியது. காய்ந்த மண்ணில் இது தன்னைத்தானே நட்டுக்கொள்கிற விதம் அது. எத்தனை முறை ரசித்திருக்கிறேன்!

"இப்ப இழுங்க."

இழுத்தார். வரவில்லை. இன்னும் இழுத்தார். நூலைப் பிய்த்துக்கொண்டு வந்தது.

"முனையில பின்பக்கமா முள்ளு இருக்கு. முன்னாலதான் போகும், திரும்பி வராது. நெஞ்சுக்குள்ளயும் ஈரந்தானேங்க?"

அவர் எழுந்து வண்டிச் சாவியைத் தேடினார். சாவி அவர் கையிலேயே இருந்தது.

ஜூன் 21, சனி

நேற்றே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. "புல்லுன்னா படத்துல தெரியாது" என்றார் இந்த டாக்டர் அம்மா. சட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, சிட்டுவின் முதுகில் ஸ்டெத் வைத்து ரொம்ப நேரம் கேட்டார். "இடது பக்கம் காத்து சரியாப் போகல. மயக்கம் கொடுத்து, குழாய் விட்டுப் பாத்துடலாம். நாளைக்குக் காலையில."

மயக்கமா? இத்தனூண்டு குழந்தைக்கா?

இந்த ஒரு தடவை நான் சொன்னது தப்பாகப் போகட்டும். உருளைக்கிழங்காகவே போகட்டும். ஊரே சிரிக்கட்டும்.

ஜூன் 22

உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். என் காலரைப் பிடித்திருந்தாள். விரல் விரலாக விடுவித்துத்தான் கொடுத்தேன்.

ஜூன் 22, மாலை

எடுத்துவிட்டார்கள். "ஒவ்வொரு மூச்சுக்கும் கொஞ்சம் கொஞ்சமா உள்ள போயிருக்கு. சரியான நேரத்துல வந்தீங்க" என்றார் டாக்டர். சின்ன பாட்டிலில் போட்டுக் காட்டினார்கள். சீரகம் அளவு இருக்குமா? என்னால் பார்க்க முடியவில்லை. இவர் பார்த்தார். பார்த்துவிட்டு வராந்தா சுவரோரம் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

ஜூலை 30, புதன்

மறுபடி வேலைக்குப் போய் ஒரு வாரம். வேலைச் சட்டையை நர்சரியிலேயே கழற்றி வைத்துவிட்டு, தலையை உதறி, வேறு உடுத்திக்கொண்டுதான் வருகிறேன். அப்படியும் இவருக்கு நம்பிக்கையில்லை. வாசலிலேயே நிறுத்தி, கழுத்தைச் சுற்றிப் பிரஷ் போடுகிறார். "இப்ப யாரு பயந்தாங்கொள்ளி?" என்று கேட்டேன். "நான்தான். திரும்பு" என்றார்.

இன்று அவர் வர நேரமாகும் என்றிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினேன். சிட்டு ஓடி வந்தாள். விசில் இல்லை. தூக்கக் கை நீட்டினேன். வரவில்லை. ஓரடி தள்ளி நின்று, "குனி" என்றாள். குனிந்தேன். குட்டி விரலால் என் காலரைப் புரட்டி, முன்னும் பின்னும் பார்த்தாள்.

"முள்ளு இல்ல. வா" என்றாள்.